டெபியன் 11 இலிருந்து 12: பாதியில் கறண்ட் போனது, இப்போது ஆப்ட் ஒன்றுக்கும் அசைவதில்லை

பாலைப்பழம் (திங்கள், இரவு 9.12)

வணக்கம். மாங்குளத்திலிருந்து உள்ளே போகும் ஒரு ஊரில் சனசமூக நிலையத்துக் கணினிகள் ஐந்தைப் பார்ப்பது என் அலுவல். சம்பளம் எல்லாம் இல்லை, திறப்பு என்னிடம் இருக்கிறது, அவ்வளவுதான். வெளிநாட்டில் இருக்கும் ஊர்ப் பிள்ளைகள் வாங்கி அனுப்பிய பழைய மெஷின்கள், ஐந்திலும் டெபியன் 11 என்ற லினக்ஸ் இயங்குதளம். அதற்கான நீண்டகால ஆதரவு 2026 ஓகஸ்ட் 31 உடன் முடிகிறது என்று வாசித்ததால் சனிக்கிழமை முதலாவது மெஷினை 12 க்கு ஏற்றத் தொடங்கினேன். போனில் டேட்டா போட்டு, யூஎஸ்பி வயரால் இணைத்து, 1.4 ஜிபி இறக்கி முடிய இரண்டரை மணித்தியாலம். இறக்கி முடிந்து, மென்பொருள் பொதிகளைப் பிரித்துப் பிரித்துப் போட்டுக்கொண்டு நாற்பது வீதத்துக்குக் கிட்ட வந்தபோது காற்றும் இடியும். கறண்ட் போய்விட்டது. யூபிஎஸ் என்று ஒன்று இருக்கிறது, அது இப்போது கதிரைக்கு முட்டுக்கொடுக்கத்தான் உதவும்.

சனி இரவு முழுக்கக் கறண்ட் வரவில்லை, நேற்று வேறு அலுவல். இன்றைக்குத்தான் போட்டுப் பார்த்தேன். வெறும் கறுப்புத் திரையில் லொகின் கேட்கிறது, டெஸ்க்டொப் வரவில்லை. பொதிகளை இறக்கிப் போடும் ஆப்ட் கொமாண்டில் எதைக் கொடுத்தாலும் ஒரே பதில்: அதற்கு அடியில் பொதிகளைப் பிரித்து வைக்கும் டிபிகேஜியின் அப்டேட்ஸ் போல்டருக்குள் இருக்கும் 0014 என்ற பைலை வாசிக்க முடியவில்லை, ஃபீல்ட் பெயருக்குள் நியூலைன், ஹாஷ் பேடிங் என்று. ஒரு வீடியோவில் சொன்னபடி இரண்டு பேர் ஒரே நேரத்தில் ஓட்டாமல் தடுக்கும் லொக் பைல்களை அழித்தும் பார்த்தேன், மாற்றமில்லை.

பிள்ளைகளின் வேலைகள் எல்லாம் இந்த மெஷினில்தான் இருக்கின்றன. சாதாரணதரப் பிள்ளைகள் செய்த கட்டுரைகள், பாதிக்கு மேல் பாமினி எழுத்துருவில். அவை போய்விட்டனவா?

கெதிப்பொடியன் (9.20)

இதற்கு ஏன் மண்டையை உடைக்கிறீர்கள். ஆப்ட் கிளீன் கொடுங்கள், டிபிகேஜி போல்டரை முழுக்க அழியுங்கள், எங்கிருந்து இறக்குவது என்று எழுதியிருக்கும் சோர்சஸ் லிஸ்டில் நேரே 13 இன் பெயரைப் போட்டு ஃபுல் அப்கிரேட் அடியுங்கள். 13 வந்தே எவ்வளவு காலம். 12 இல் நின்று என்ன செய்யப் போகிறீர்கள்? அதுவும் சரிவராவிட்டால் புதிதாகப் போட அரை மணித்தியாலம்.

குளக்கட்டு (9.31)

பாலைப்பழம், மேலே சொன்னதில் ஒன்றையும் செய்யாதேயும். முக்கியமாக ஆப்ட் கிளீன். நீர் காசு கொடுத்து இறக்கிய 1.4 ஜிபியும் வார், கேஷ், ஆப்ட், ஆர்க்கைவ்ஸ் என்ற பாதையில் இன்னும் அப்படியே இருக்கிறது. கிளீன் கொடுத்தால் அது காற்றில் போகும். ஆப்ட் எப்போதும் எல்லாவற்றையும் இறக்கி முடித்த பிறகுதான் போடத் தொடங்கும், அதனால் உமக்கு இனி நெட் அநேகமாகத் தேவையே இல்லை.

பிள்ளைகளின் கோப்புகள் ஹோம் போல்டரில் இருக்கின்றன. அப்கிரேட் ஹோமைத் தொடாது. பாமினியும் போகாது, நீர் அதை ஹோமுக்குள்ளோ யூஎஸ்ஆர் லோக்கலுக்குள்ளோதான் போட்டிருப்பீர், அந்த இரண்டு இடத்திலும் டிபிகேஜிக்கு அலுவல் இல்லை. இருந்தாலும் வேறு எதையும் தொட முதல் ஹோமை ஒரு பென் டிரைவுக்கு எடுத்துவிடும். பயத்தில் செய்கிற வேலை பிழைக்கும், கோப்பு கையில் இருந்தால் பயம் பாதி குறையும்.

இப்போது லொக் பைல் கதை. வீடியோக்காரர்கள் எல்லோரும் இதைத்தான் சொல்கிறார்கள், எனக்கு வாசிக்க வாசிக்கக் கோபம் வரும். அந்த பைல் இருப்பது லொக் அல்ல. ஓடிக்கொண்டிருக்கும் ஒரு புரோகிராம் அந்த பைலின் மேல் இயங்குதளத்தின் கருவான கேர்னலிடம் பிடி வாங்கி வைத்திருப்பதுதான் லொக். புரோகிராம் செத்தால் பிடியும் போய்விடும், பைல் சும்மா கிடக்கும். மெஷின் அணைந்து எழும்பிய பிறகு பழைய பிடி எங்கே இருக்கிறது? உயிரோடு ஒன்று ஓடிக்கொண்டிருக்கும்போது பைலை அழித்தீர் என்றால் இன்னும் மோசம், புதிதாக ஒரு பைல் உண்டாகி, இரண்டு டிபிகேஜி ஒரே நேரத்தில் ஒரே கணக்குப் புத்தகத்தில் எழுதும். பெரும்பாலும் லொக் என்று சொல்வது பின்னால் தானாக ஓடும் அன்அட்டெண்டட் அப்கிரேட்ஸ்தான், பத்து நிமிடம் பொறுத்தால் தானே விட்டுவிடும். உமக்கு இந்த முறை தீங்கு வரவில்லை, விடும்.

உம்முடைய உண்மையான பிழை அந்த 0014. டிபிகேஜி ஒவ்வொரு பொதியின் நிலையையும் ஸ்டேட்டஸ் என்ற ஒரு பெரிய பைலில் வைத்திருக்கிறது. ஒவ்வொரு சின்ன மாற்றத்துக்கும் அந்தப் பெரிய பைலை முழுக்கத் திருப்பி எழுதினால் நேரம் போகும் என்பதால், மாற்றங்களை அப்டேட்ஸ் போல்டருக்குள் 0001, 0002 என்று துண்டுச் சீட்டுகளாக எழுதிவைத்து இடைக்கிடை பெரிய பைலில் சேர்க்கும். கடைக்காரர் கொப்பியில் குறித்துவிட்டுப் பிறகு பேரேட்டில் ஏற்றுவது மாதிரி. எழுத முதலே டிஸ்கில் இடம் பிடித்துவைக்கத்தான் அந்தப் பேடிங் வரிகள். சீட்டு எழுதிக்கொண்டிருக்கும்போது கறண்ட் போனதால் பேடிங் மட்டும் மிஞ்சி நிற்கிறது. பேரேடு பத்திரமாகத்தான் இருக்கும்.

செய்ய வேண்டியது: அப்டேட்ஸ் போல்டரை அப்படியே வேறு இடத்துக்குக் கொப்பி எடும். பிறகு உள்ளே இருக்கும் இலக்கம் போட்ட பைல்களை மட்டும் அழியும். போல்டர் இருக்க வேண்டும். பிறகு டிபிகேஜி, இடைவெளி, இரண்டு கோடு கொன்பிகர், இடைவெளி, ஒரு கோடு ஏ. இவற்றை உச்சரிப்பில் எழுதுகிறேன், கோடு இரண்டு என்றால் இரண்டுதான், சேர்த்து அடிக்காதேயும்.

அதற்கு முதல் ஒருக்கா கேர்னலின் பதிவைக் காட்டும் டிமெசேஜ் கொடுத்து ஐ ஓ எரர் என்று சிவப்பில் ஏதும் இருக்கிறதா பாரும். இருந்தால் நிறுத்தும், அது டிஸ்க் சாகிற கதை, வேறு மருந்து.

பேய்க்குட்டி (9.48)

இதற்குத்தான் நான் ஃபிரீ பிஎஸ்டி என்ற வேறு இயங்குதளத்தில் இருக்கிறேன். அங்கே லைப்ரரி குழம்பி, பொதி போடும் பிகேஜி கொமாண்டே ஓடாமல் போனாலும் பிகேஜி ஸ்டாட்டிக் என்று ஒன்று இருக்கும், எந்த லைப்ரரியிலும் தங்கியிராமல் தனியே ஓடும். அதை வைத்து மற்ற எல்லாவற்றையும் திருப்பிப் போடலாம். போர்ட்ஸ் என்ற அங்கத்தைய மென்பொருள் தொகுப்பை ஏற்ற முதல் அப்டேட்டிங் என்ற பைலைத் திகதி வாரியாக வாசிக்கிற பழக்கமும் வந்துவிடும். வாசிக்காமல் ஏற்றி ஒரு முறை பட்டேன், அதனால் வந்த பழக்கம் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

குளக்கட்டு (9.55)

ஓம் ஐயா, பிஎஸ்டி நல்லதுதான். ஆனால் பாலைப்பழத்தின் மெஷினில் இப்போது இருப்பது டெபியன்.

கெதிப்பொடியனுக்கும் ஒன்று. 11 இலிருந்து நேரே 13 க்குப் பாய்வதை டெபியன் ஆதரிக்கவில்லை. 11, பிறகு 12, பிறகு 13. 11 வந்தது 2021 ஓகஸ்ட், 12 வந்தது 2023 ஜூன், 13 வந்தது 2025 ஓகஸ்ட். ஒவ்வொரு வெளியீட்டின் பொதிகளும் அதற்கு முந்தியதிலிருந்து வருகிறவர்களை நினைத்துத்தான் சோதிக்கப்படுகின்றன. இரண்டு படி தாவினால் சிலருக்குச் சரிவரும், சரிவராதவன் இங்கே வந்து இழை திறப்பான்.

டிபிகேஜி போல்டரை முழுக்க அழி என்பதற்கு என்ன சொல்ல? நான் ஒரு காலத்தில் ஒரு அரிசி ஆலையின் கணக்கு மெஷினில், இடம் காணாது என்று கண்டபடி அழித்ததில் அந்த ஸ்டேட்டஸ் பைலும் போனது. மெஷினில் ஒரு பொதியும் இல்லை என்று டிபிகேஜி சத்தியம் செய்தது, ஆனால் மெஷின் ஓடிக்கொண்டிருக்கிறது! வார், பேக்கப்ஸ் போல்டருக்குள் டிபிகேஜி டொட் ஸ்டேட்டஸ் டொட் சைபர் என்று தினமும் ஒரு பிரதி எடுபடுகிறது என்று தெரியவந்ததால்தான் அன்றைக்கு நெல்லுக்காரர் முன் மானம் தப்பியது.

பாலைப்பழம் (செவ்வாய், மாலை 5.40)

அண்ணை, டிமெசேஜில் எரர் இல்லை. ஹோமை எடுத்துவிட்டேன், பாமினிக் கட்டுரைகளை என் லப்டொப்பில் திறந்தும் பார்த்தேன், நிம்மதி. 0014 ஐ அகற்றியதும் கொன்பிகர் ஓடியது! திரை நிறைய எழுத்து. ஒரு இருபது நிமிடம் ஓடிவிட்டுக் கடைசியில் இனிட்ராம்எஃப்எஸ் டூல்ஸ் என்பதில் பிழை, டிவைசில் இடமில்லை என்கிறது. ஆனால் பிரதான பகுதியான ரூட்டில் 60 ஜிபி வெறுமையாகக் கிடக்கிறது. அதோடு லினக்ஸ் இமேஜ், வேறு நாலைந்து பெயர்களும் பிழைப் பட்டியலில்.

அறிவியல்நகர் மாணவி (6.02)

டிஎஃப், ஒரு கோடு எச் கொடுத்து பூட் என்ற வரியைப் பாருங்கள் அண்ணா. பழைய இன்ஸ்டோலர் பூட்டைத் தனிப் பகுதியாகப் பிரித்தால் இருநூற்றுச் சொச்சம் எம்பிதான் கொடுக்கும். ரூட்டில் இடம் இருந்து என்ன, கேர்னல் போய் இருப்பது பூட்டில்தானே.

பிழைப் பட்டியலில் ஐந்து பெயர் இருந்தால் ஐந்து பிழை என்று நினைக்காதீர்கள். ஒன்று விழுந்ததால் மற்றவை அதில் தங்கியிருந்து விழுந்தவை. எங்கள் பீடத்து லாபில் நான் முதல் முறை இதில் அகப்பட்டபோது கடைசி வரியைத் தேடித் தேடி ஒரு பின்னேரம் வீணானது. மேலே போய் முதல் பிழையைப் பிடிக்க வேண்டும். திரையில் ஓடி மறைந்திருந்தால் வார், லொக், ஆப்ட் என்ற பாதையில் டேர்ம் டொட் லொக் என்று இருக்கும், ஆப்ட் ஓடியபோது திரையில் வந்த எல்லாம் அதில் உண்டு. நேரடியாக டிபிகேஜி ஓட்டினால் அதில் வராது, ஸ்கிரிப்ட் என்ற கொமாண்டைத் தொடங்கிவிட்டு ஓட்டினால் எல்லாம் ஒரு பைலில் பதியும்.

பாலைப்பழம் (6.15)

தங்கச்சி சொன்னது சரி. பூட் 236 எம்பி, நூறு வீதம். உள்ளே 5.10 வரிசையில் மூன்று கேர்னல், இப்போது வந்த 6.1 ஒன்று.

குளக்கட்டு (6.40)

அதுதான் விஷயம். 5.10 என்பது 11 இன் கேர்னல், 6.1 என்பது 12 இன் கேர்னல். ஒவ்வொன்றுக்கும், மெஷின் எழும்பும்போது கேர்னலோடு ஏற்றப்படும் ஒரு இனிட்ஆர்டி பைல் (இனிட்ராம்எஃப்எஸ் டூல்ஸ் உண்டாக்குவது அதைத்தான்), அதுதான் இடத்தைத் தின்பது. இன்னொரு கரைச்சல், அதைப் புதுப்பிக்கும்போது பழையதை வைத்துக்கொண்டே பக்கத்தில் புதியதை எழுதும், ஆகவே கொஞ்ச நேரத்துக்கு இரட்டிப்பு இடம் வேண்டும்.

யூநேம், ஒரு கோடு ஆர் கொடுத்தால் இப்போது எதில் எழும்பி நிற்கிறீர் என்று சொல்லும். அதைத் தொடவே கூடாது. மற்ற 5.10 இரண்டில் ஆகப் பழையதை அகற்றும். ஆப்ட் பர்ஜ் கேட்டால் முதலில் உடைந்ததைத் திருத்து என்று மறுக்கும், அதனால் நேரே டிபிகேஜி, இரண்டு கோடு பர்ஜ், பிறகு அந்தக் கேர்னல் பொதியின் முழுப் பெயர். பூட்டுக்குள் போய்க் கையால் ஆர்எம் போட்டால் டிபிகேஜியின் கணக்கில் அந்தக் கேர்னல் இன்னும் இருக்கும், பிறகு அது வேறு குழப்பம்.

இடம் வந்ததும் திரும்பவும் அதே கொன்பிகர். அது முடிந்ததும் ஆப்ட், இரண்டு கோடு ஃபிக்ஸ் புரோக்கன், இன்ஸ்டோல். அதன் பிறகு ஆப்ட் ஃபுல் அப்கிரேட், இது விட்ட இடத்திலிருந்து தொடரும். ஒவ்வொரு முறையும் எதை அகற்றப்போகிறேன் என்று அது காட்டும் பட்டியலை வடிவாக வாசித்துவிட்டு ஆம் சொல்லும். டெஸ்க்டொப்பையே அகற்றப் பார்த்தால் இல்லை என்று சொல்லிவிட்டு இங்கே போடும்.

பயப்படாமல் இருப்பதற்கு ஒன்று சொல்கிறேன். டிபிகேஜிக்கு ஒரு பொதி இரண்டு கட்டம். பிரித்து இடத்தில் வைப்பது ஒன்று, கொன்பிகர் செய்வது மற்றது. லொறியிலிருந்து நெல்மூட்டையை முற்றத்தில் இறக்கியாயிற்று, கொட்டிலுக்குள் அடுக்கவில்லை, உமது மெஷின் அந்த நிலையில் நிற்கிறது. எந்த மூட்டை முற்றத்தில், எந்த மூட்டை உள்ளே என்று அதற்குத் தெரியும். டிபிகேஜி, ஒரு கோடு எல் பட்டியலில் இடது கரையில் சின்ன ஐ இரண்டு என்றால் முடிந்தது. சின்ன ஐயும் பெரிய யூவும் என்றால் பிரித்து மட்டும் வைத்தது. பெரிய எஃப் என்றால் கொன்பிகர் பாதியில் விழுந்தது. மெஷின் குழம்பிப்போய் நிற்கிறது என்று எங்களுக்குத்தான் தோன்றும்.

பாலைப்பழம் (இரவு 8.50)

கொன்பிகர் முடிந்தது, பிழை இல்லை. ஃபிக்ஸ் புரோக்கனும் முடிந்தது, நெட்டையே கேட்கவில்லை, நீங்கள் சொன்ன மாதிரி ஆர்க்கைவ்ஸில் இருந்ததையே எடுத்தது. இடையில் ஒரு செட்டிங் பைலைப் பழையதை வைக்கவா புதியதை வைக்கவா என்று கேட்டது, ஒன்றும் விளங்காமல் என்டர் அடித்துவிட்டேன்.

ஃபுல் அப்கிரேடுக்கு முதல் ஒருக்கா ஆப்ட் அப்டேட் கொடுத்துப் பார்ப்போம் என்று போனைக் கொழுவினேன். இப்போது புதுக்கதை. செக்கியூரிட்டி வரியில் ரிலீஸ் பைல் இன்னும் செல்லுபடியாகவில்லை, இன்னும் 1 நாளும் சில மணித்தியாலமும் போக வேண்டுமாம். எதிர்காலத்திலிருந்து அப்டேட் வருகிறதா?

அறிவியல்நகர் மாணவி (9.01)

டேட் என்று அடித்துப் பாருங்கள் அண்ணா, மெஷின் ஞாயிற்றுக்கிழமையில் நிற்கும். மதர்போர்டில் இருக்கும் காசு மாதிரியான பற்றரி, சிஆர் 2032, செத்திருக்கிறது.

பாலைப்பழம் (9.04)

ஓம், ஞாயிறு இரவு! எப்படித் தெரியும்? பற்றரி செத்தால் பழைய காலத்து 2000, 2009 என்றல்லவா காட்டும்?

அறிவியல்நகர் மாணவி (9.19)

பயோஸ் அப்படித்தான் காட்டும். ஆனால் சிஸ்டம்டி டைம்சிங்க்டி கடைசியாகத் தெரிந்த நேரத்தை ஒரு பைலின் திகதியாகக் குறித்துவைத்து, எழும்பும்போது கடிகாரம் அதற்குப் பின்னால் இருந்தால் அந்த இடத்துக்குத் தள்ளிவிடும். அதனால் நீங்கள் சனிக்கிழமை இரவில் விட்ட கடிகாரம் அதிலிருந்து தொடர்ந்து, மெஷின் போட்டிருந்த நேரத்தை மட்டும் எண்ணிக்கொண்டு வந்திருக்கிறது. நெட் வந்ததும் அது தானே சரிசெய்ய வேண்டும், அப்கிரேட் பாதியில் நின்றதில் அந்தச் சேவை பிறகு இடையில் நின்றுபோனதுபோல. டேட், ஒரு கோடு எஸ், பிறகு மேற்கோளுக்குள் இன்றைய திகதியும் நேரமும். அதன் பிறகு ஆப்ட் அப்டேட் ஓடும். ஆப்டைக் குற்றம் சொல்லாதீர்கள், எதிர்காலத் திகதி போட்ட கையொப்பத்தை நம்ப மாட்டேன் என்று நிற்பது அதன் கடமை.

செட்டிங் பைலுக்கு என்டர் அடித்தது பரவாயில்லை, என்டர் என்றால் உங்களிடம் இருந்த பழையது அப்படியே இருக்கும், புதியது பக்கத்தில் டிபிகேஜி டிஸ்ட் என்ற வாலோடு கிடக்கும். ஆறுதலாக ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

இன்னொன்று. சோர்சஸ் லிஸ்டில் நொன்ஃபிரீ என்று மட்டும் இருந்தால் பக்கத்தில் நொன்ஃபிரீ ஃபேம்வேர் என்பதையும் சேருங்கள். 12 இலிருந்து வைஃபை, கிராபிக்ஸ் காட் ஃபேம்வேர் (அந்த வன்பொருளுக்குள் ஏற்றப்படும் மென்பொருள்) எல்லாம் அந்தப் புதுப் பகுதிக்குப் போய்விட்டன. சேர்க்காவிட்டால் உடனே ஒன்றும் நிற்காது, பழைய ஃபேம்வேரோடு ஓடும், ஆனால் அதற்கு இனி அப்டேட் வராது. அதை ஆப்டே கடைசியில் ஒரு குறிப்பாகச் சொல்லும், ஒருவரும் வாசிப்பதில்லை.

கெதிப்பொடியன் (9.30)

பற்றரி செத்ததற்கு இவ்வளவு கதையா. கடையில் வாங்கிப் போடுங்கள் ஐயா.

பாலைப்பழம் (புதன், பிற்பகல் 2.25)

முதலாவது மெஷின் எழும்பிவிட்டது, டெஸ்க்டொப்போடு. பாதியில் நின்ற பொதி ஏதும் மிஞ்சியிருக்கிறதா என்று பார்க்க டிபிகேஜி, இரண்டு கோடு ஓடிட் கொடுத்தேன், ஒரு சொல்லும் சொல்லவில்லை. பாடசாலை விட்டு வந்த பிள்ளைகள் வோல்பேப்பர் மாறிவிட்டது என்று மட்டும் கண்டுபிடித்தார்கள்.

மிச்சம் நாலு மெஷின். ஒவ்வொன்றுக்கும் 1.4 ஜிபி என்றால் என் போன் காட் தாங்காது. முதலாவதில் இறக்கியதைக் கொப்பி எடுப்போம் என்று பார்த்தால் ஆர்க்கைவ்ஸ் இப்போது காலி! நான் கிளீன் கொடுக்கவே இல்லை.

அறிவியல்நகர் மாணவி (3.10)

ஐயோ, அதை முதலே சொல்லியிருக்க வேண்டும், என் பிழை. ஆப்ட் என்ற கொமாண்ட் வேலை வெற்றியாக முடிந்ததும் இறக்கியதைத் தானே அழிக்கும். பழைய ஆப்ட் கெட் அழிக்காது, வைத்திருக்கும்.

இனி இப்படிச் செய்யுங்கள். முதலாவது மெஷினில் இறக்கியதைச் சேமித்து மற்ற மெஷின்களுக்குக் கொடுக்கும் ஆப்ட் கேஷர் என்ஜி என்ற பொதியைப் போடுங்கள், அது 3142 என்ற போர்ட்டில் நிற்கும். மற்ற நாலிலும் ஆப்ட் கொன்ஃப் டொட் டி போல்டருக்குள் ஒரு சின்ன பைல், அதில் அக்குவயர், எச்டிடிபி, புரொக்சி என்று முதலாவதின் முகவரியும் 3142 உம். இரண்டாவது மெஷின் கேட்கும்போது ஒருக்கா இறங்கும், மூன்றாவதுக்கும் நாலாவதுக்கும் வயரிலேயே வரும். ஒரு பழைய ரவுட்டர் போதும், அதில் நெட் இருக்க வேண்டும் என்றில்லை. சோர்சஸ் லிஸ்டில் எச்டிடிபிஎஸ் என்று இருந்தால் எஸ்ஸை எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் அது சேமிக்காது. பாதுகாப்புப் போய்விடுமோ என்று யோசிக்க வேண்டாம், பொதிகளை ஆப்ட் கையொப்பத்தை வைத்துத்தான் சரிபார்க்கிறது.

இரவு டேட்டா இருந்தால் டவுன்லோட் ஒன்லி என்பதோடு ஃபுல் அப்கிரேடைப் போட்டுவிட்டுப் படுங்கள். இறக்க மட்டும் செய்யும், ஒன்றையும் போடாது. கறண்ட் போனாலும் நட்டமில்லை.

குளக்கட்டு (3.45)

தங்கச்சி சொன்னதற்கு மேல் கொஞ்சம். தொடங்க முதல் ஓட்டோரிமூவ் கொடுத்துப் பழைய கேர்னல்களை அகற்றி பூட்டில் இடம் எடும். இனிட்ராம்எஃப்எஸ் கொன்ஃப் பைலில் மொடியூல்ஸ் என்ற இடத்தில் மோஸ்ட் என்றிருப்பதை டெப் என்று மாற்றினால் அந்த மெஷினுக்குத் தேவையானதை மட்டும் வைத்து இனிட்ஆர்டி நல்லாகச் சிறுக்கும், ஆனால் அந்த டிஸ்கைக் கழற்றி வேறு மெஷினில் போட்டால் எழும்பாமல் போகலாம். டெஸ்க்டொப் ஜன்னலுக்குள் ஓட்ட வேண்டாம், இடையில் டெஸ்க்டொப்பே விழுந்தால் ஜன்னலோடு அப்கிரேடும் விழும். கொன்ட்ரோல் ஓல்ட் எஃப் 3 அடித்து அந்தக் கறுப்புத் திரையில் ஓட்டும். முதலில் ஆப்ட் அப்கிரேட், இரண்டு கோடு வித்அவுட் நியூ பிகேஜிஎஸ், அதற்குப் பிறகு ஃபுல் அப்கிரேட்.

கறண்டுக்கு என்ன செய்யப் போகிறீர்? சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோ கேட்ட ஊர் இது, இருந்தாலும் டைனமோவில் டெபியன் ஏறாது. மோட்டர் சைக்கிள்காரர், சோலர் வைத்திருக்கிறவர் யாரிடமாவது ஒரு இன்வேட்டர் இரண்டு மணித்தியாலத்துக்குக் கேளும். இறக்குகிற நேரம் நீளம், போடுகிற நேரம் நாற்பது ஐம்பது நிமிடம்தான், அதற்கு மட்டும் இருந்தால் போதும்.

பாலைப்பழம் (4.30)

இன்வேட்டர் ஒன்று வட்டக்கச்சியில் சித்தப்பாவிடம் இருக்கிறது, எடுக்கலாம். கடைசியாக ஒன்று, அண்ணை. ஐந்தாவது மெஷின் ஆகப் பழசு, யூநேம் கொடுத்தால் ஐ686 என்கிறது. அதையும் பிறகு 13 க்குக் கொண்டுபோகலாமா?

குளக்கட்டு (4.41)

புரொசசரை முதலில் பாரும். எல்எஸ்சிபியூ கொடுத்தால் ஒப் மோட் என்ற வரியில் 64 பிட் என்றும் இருந்தால், மெஷின் 64 தான், யாரோ 32 ஐப் போட்டுவிட்டிருக்கிறார்கள். அப்போது கோப்புகளை எடுத்துவிட்டுப் புதிதாக 64 ஐப் போடும், இந்த ஒரு மெஷினுக்குக் கெதிப்பொடியன் சொன்னது சரி. 32 மட்டும்தான் என்றால் 12 இல் நிறுத்தும். 13 இல் 32 பிட் பிசிக்குக் கேர்னலும் இல்லை, இன்ஸ்டோலரும் இல்லை.

கெதிப்பொடியன் (4.44)

பார்த்தீர்களா.

பாலைப்பழம் (4.52)

64 உம் இருக்கிறது! சரி அண்ணை, சனிக்கிழமை இரண்டாவதைத் தொடங்குகிறேன். ஐந்துக்கும் பற்றரி வாங்க நாளைக்குக் கிளிநொச்சிக்குப் போக வேண்டும். இப்போது மேற்கே இருட்டிக்கொண்டு வருகிறது, போய் ஐந்தின் பிளக்கையும் கழற்றிவிட்டு வருகிறேன்.